குடும்ப வன்முறை மனு: ‘அத்தனையும் பொய்’ என்று எழுதலாமா?

வக்கீலான எனக்கு வந்த கேள்வி. ஆகஸ்ட் 4, 2025

“என் வயது 34. தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி ஏழு மாதமாகத் தாய் வீட்டில் இருக்கிறார். மூன்று நாளைக்கு முன் நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது. என் பெயர், அம்மா பெயர், கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் அக்கா பெயர், மூன்றும் அதில் உள்ளன. நான் அவர் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அத்தனையும் பொய். கைது செய்வார்களா? முன்ஜாமீன் வாங்க வேண்டுமா? உயர் நீதிமன்றத்தில் மொத்தமாக ரத்து செய்ய எவ்வளவு செலவாகும்? தாள் வந்த நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.”

ஆகஸ்ட் 4, இரவு

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தாளின் தலைப்பைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். யாரும் படிப்பதில்லை. நீதிமன்ற முத்திரையைக் கண்டதும் கண் இருட்டிவிடுகிறது. ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, பிரிவு 12’ என்று இருந்தால் அது மனு. உங்கள் பெயருக்கு எதிரே ‘எதிர்மனுதாரர்’ என்று இருக்கும், ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று இருக்காது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் நடப்பதால் கிரிமினல் வழக்கு என்று ஊரே நினைக்கிறது. கேட்கப்படுவது பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பணம், குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு. இந்தக் கட்டத்தில் கைதுக்கு இடமில்லை. கைது இல்லாத இடத்தில் முன்ஜாமீன் எதற்கு? குடை வாங்கக் கடன் வாங்குவதுபோல, அதுவும் கோடையில்.

தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆகஸ்ட் 5

பிரிவு 12 தானாம். நல்லது.

இன்னொரு தாளும் வரக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் போயிருந்தால் முதலில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டு இரு தரப்பையும் கூப்பிடுவார்கள். போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். பெரியப்பா, கட்சிக்காரர், ஊர்ப் பெரியவர் என்று வேன் பிடித்துப் போன எந்தக் குடும்பமும் நல்ல பெயரோடு திரும்பியதை நான் பார்த்ததில்லை. அங்கே வழக்குப் பதிவானால்தான் அது குற்ற வழக்கு: மனைவியைக் கொடுமை செய்வதற்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ, மூன்றாண்டு வரை தண்டனை. 1983-ல் வந்த பிரிவு. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவில் இயந்திரம்போலக் கைது செய்யாதே, கைது ஏன் தேவை என்று எழுதிக் காட்டு, தேவையில்லையென்றால் அறிவிப்புக் கொடுத்து அழைத்து விசாரி என்று போலீசுக்குச் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பு வந்தால் மதித்துப் போய் ஆஜராவதுதான் முதல் பாதுகாப்பு. முன்ஜாமீன் பேச்சு அந்த வழக்குக்கு உரியது, உங்களுடைய மனுவுக்கு அல்ல.

ஆகஸ்ட் 5, சற்றுப் பிறகு

498ஏ என்று எழுதிவிட்டேன். 2024 ஜூலை 1 முதல் அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86. முப்பது வருடப் பழக்கம். வாய் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறது. என் ஜூனியர் சிரிக்கிறான். எண் மாறியதில் உண்மையாகப் பிழைத்தவர் சட்டப் புத்தகக் கடைக்காரர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 6

அக்காவைப் பற்றி. இந்தச் சட்டத்தில் ஒருவரை எதிர்மனுதாரராக நிறுத்த, அவரும் மனுதாரரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது இல்லாவிட்டாலும் எப்போதாவது. உங்கள் திருமணத்துக்கு முன்பே அக்கா ஓசூர் போய்விட்டார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்தார் என்றால் அவர் பெயரை நீக்கக் கேட்கலாம். அவருடைய ஆதார், குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் திரட்டுங்கள். ‘அவள் அப்பாவி’ என்று எழுதினால் யாரும் நீக்கமாட்டார்கள். ஓசூர் முகவரி போட்ட 2016-ஆம் ஆண்டுக் காகிதம் நீக்கும்.

குற்ற வழக்கிலும் இதே கதைதான். யார், எப்போது, என்ன செய்தார் என்று இல்லாமல் ‘மாமியார், நாத்தனார், கொழுந்தனார் எல்லாரும் கொடுமை செய்தார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய புகாரில் உறவினர்களை இழுத்தடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 முதல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2024 டிசம்பரில் தெலங்கானா வழக்கு ஒன்றிலும் சொன்னது.

எனக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. 2011-ல் என் மதினி, அண்ணனின் மனைவி, இதே பிரிவு 12-ல் மனுப் போட்டார். அண்ணன் எண் 1, அம்மா எண் 2, தங்கை எண் 3, நான் எண் 4. கறுப்புக் கோட்டோடு தினமும் உள்ளே போகும் நீதிமன்றத்தில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன். பெஞ்ச் கிளார்க் என்னைப் பார்த்ததும் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நான் அந்த வீட்டில் மதினியோடு குடியிருந்ததே இல்லை. பொய்யாக என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். கடைசியில் விடுபட்டேன். ஆகவே உங்கள் அக்காவின் எரிச்சல் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8

ரத்து செய்வது பற்றி நேற்றுத் தொலைபேசியில் ‘உயர் நீதிமன்றத்தில் முடியவே முடியாது’ என்று சொன்னேன். தவறு, திருத்திக்கொள்கிறேன்.

கதை இது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், இந்த மனுக்கள் உரிமையியல் தன்மை கொண்டவை, ஆகவே குற்ற வழக்கை ரத்து செய்யும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஐத் தூக்கிக்கொண்டு இங்கே வராதீர்கள் என்றது. அதே தீர்ப்பில் நமக்கு வேண்டிய வேறு நல்ல விஷயங்களும் இருந்தன: எதிர்மனுதாரரைக் குற்றவாளிபோல் நடத்தாதே, வக்கீல் மூலம் ஆஜரானால் போதும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆளை நேரில் நிற்கவைக்காதே, தேவையில்லாமல் சேர்க்கப்பட்டவர்களை நடுவரே நீக்கலாம். பிறகு முழு அமர்வும் 482 வேண்டாம் என்ற பக்கமே நின்றது. நான் அந்தக் கணக்கிலேயே இருந்துவிட்டேன். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ‘அதிகாரம் உண்டு, ஆனால் மிக அரிதாக, அப்பட்டமான அநீதி கண்ணில் படும்போது மட்டும் பயன்படுத்து’ என்று சொல்லிவிட்டது.

ஆக, முடியும். உங்களுக்கு முடியாது. அக்காவுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதற்கும் முன் நடுவரிடமே நீக்கக் கேட்பது மலிவு. ஏழு மாதம் முன்புவரை கூடவே வாழ்ந்த கணவனின் பெயரில் ரத்து மனு போட்டு யாராவது பணம் கேட்டால், அந்தப் பணத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றுங்கள்.

ஆகஸ்ட் 9

எதிருரை, அதாவது மனுவுக்கு நீங்கள் எழுதித் தரும் பதில், பற்றிக் கேட்கிறீர்கள். ‘கவுன்டர்’ என்றால்தான் எல்லாருக்கும் புரிகிறது.

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. மனுவில் 22 பத்தி இருந்தால் எதிருரையிலும் 22 பத்தி. ஒவ்வொன்றிலும் ‘முற்றிலும் பொய், உள்நோக்கம் கொண்டது, வன்மையாக மறுக்கப்படுகிறது’. கடைசிப் பத்தியில் ‘மனுதாரர் சுத்தமான கரங்களுடன் வரவில்லை’. பெயரை மட்டும் மாற்றி அடுத்த கட்சிக்காரருக்கும் அதே. என் கணினியிலேயே அப்படி ஒரு கோப்பு இருந்தது. ஒரு முறை முந்தைய கட்சிக்காரரின் மாமனார் பெயர் அழியாமல் போய், நீதிமன்றத்தில் ‘இவர் யார்?’ என்று கேட்கப்பட்டேன்.

அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பத்தியையும் எடுத்து நான்கில் ஒன்றாகப் பிரியுங்கள். நடந்தது. நடந்தது, ஆனால் அப்படியல்ல. நடக்கவில்லை. எனக்குத் தெரியாது. ‘நடக்கவில்லை’ என்று எழுதும் ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் என்று ஒரு வரி வேண்டும்: அன்று இரவுப் பணியில் இருந்தேன், வருகைப் பதிவு இருக்கிறது, அந்தத் தொகை வங்கி வழியாகத் திரும்பப் போனது, கணக்குப் பட்டியல் இருக்கிறது. கல்யாணத் தேதியும் குழந்தை பிறந்த தேதியும்கூட ‘வன்மையாக மறுக்கப்படும்’ எதிருரையை நடுவர் எத்தனையாவது பத்தியில் நம்புவதை நிறுத்துவார் என்று யோசித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலைக் காகிதத்தில் அச்சடித்து நீட்டினால் போதாது. முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4): மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவி வைத்திருப்பவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். முழு உரையாடலையும் கொடுங்கள். உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் மீதியை எதிர்த் தரப்பு கொண்டுவரும். அவர் தொலைபேசியிலும் அது இருக்கிறது.

ஆகஸ்ட் 9, பின்குறிப்பு

ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். சென்ற மாதம்தான், 2025 ஜூலையில், ஒரு விவாகரத்து வழக்கில் கணவன் மனைவி பேச்சின் ரகசியப் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்துவிட்டு இன்றே தலையணைக்கடியில் போனை வைக்கக் கிளம்பாதீர்கள். பதிவு செய்கிறவன் பேசும் பேச்சில் ஒரு நாடகத் தொனி வந்துவிடும். கேட்டவுடனே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 11

என்னைவிட மூத்த வக்கீல் ஒருவர் கண்டித்து எழுதியிருக்கிறார்: “எதிருரையில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறாய். நாளைக்கு 85-ல் குற்ற வழக்கு வந்தால் அந்தத் தாளையே அங்கே கொண்டுபோய் வைப்பான். ஊரில் எல்லாரும் மறுப்பது முட்டாள்தனத்தால் அல்ல.”

அவர் சொல்வது சரி. நேற்று முன்தினம் எழுதியது அரைகுறை. அதே சம்பவத்துக்குக் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலோ வரும் என்று தெரிந்தாலோ, ஒவ்வொரு வரியையும் உங்கள் வக்கீல் பார்க்காமல் தாக்கல் செய்யாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயமில்லை, அரசமைப்பின் 20(3). பேசாமல் இருக்க உரிமை உண்டு.

ஆனால் அண்ணாச்சி, பேசாமல் இருப்பது வேறு, சத்தியம் செய்து பொய் சொல்வது வேறு. முதலாவது தற்காப்பு. இரண்டாவது குறுக்கு விசாரணையில் உடையும்போது உண்மையான மறுப்புகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

ஆகஸ்ட் 12

தூக்கம் வரவில்லை. ஆறாம் தேதிக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். ‘பொய்யாக என் பெயரைச் சேர்த்திருந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வழக்கில் எங்களுக்காக ஆஜரானவர் என் சீனியர். 2012-ல் மதினியைக் குறுக்கு விசாரணை செய்தார். என்னை விடுவிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைத்தார். “நான்காம் எதிர்மனுதாரர் உங்களிடம் எப்போதாவது கடுமையாகப் பேசியிருக்கிறாரா?”

“இல்லை. அவர் ஒரு நாளும் கடுமையாகப் பேசியதில்லை.”

அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. “பிறகு ஏன் அவர் பெயரைச் சேர்த்தீர்கள்?” என்று கேட்டார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

“ஒரு நாள் ராத்திரி அவருக்குப் போன் செய்தேன். அவர் வக்கீல் அல்லவா. உங்கள் அண்ணன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார், மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். அண்ணன் கோபம் கால் மணி நேரம்தான், விடிந்தால் சரியாகிவிடும் மதினி என்று சொல்லி வைத்துவிட்டார்.”

நீதிமன்றத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்தப் போன் அதுவரை நினைவிலேயே இல்லை. அவர் சொன்னதும் வந்துவிட்டது, நான் அப்போது எந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன் என்பது உட்பட.

நான் விடுபட்டது சட்டப்படி சரி. நான் அவரோடு ஒரே வீட்டில் வாழவில்லை, அந்தச் சட்டத்தின்படி எதிர்மனுதாரராக நிற்க வேண்டியவன் அல்ல. ஆனால் என் எதிருரையில் இருந்தது ‘மனுதாரர் என்னிடம் எக்காலத்திலும் எதுவும் முறையிட்டதில்லை’ என்ற வரி. அது என் கணினியிலிருந்த கோப்பின் வரி. சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆகவே ‘பொய்யாக’ என்ற சொல்லை அந்தக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 13

பெண் வாசகர் ஒருவர்: “ஆண்கள் தப்பிக்க வழி சொல்லிக்கொடுத்துவிட்டு நடுவில் ஒரு அழுகைக் கதையா?”

தப்பிக்க அல்ல, பதில் சொல்ல. குற்றம் சாட்டப்படுகிற எவருக்கும் பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும், அதைத் தெரிந்து சொல்ல ஒருவர் துணை வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மற்றதை அவர் சொன்னபடியே விட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 16

பணம். இதில்தான் நம் ஆட்கள் சொதப்புகிறார்கள்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் கேட்கும் எல்லா வழக்குக்கும் ஒரு படிவம் கொடுத்தது: வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் இரு தரப்பும் சத்தியத்தின் பேரில் எழுத வேண்டும். பொய் எழுதினால் அதற்கே தனி நடவடிக்கை வரலாம். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. ஆகவே வாய்தா வாங்கி இழுத்தால் மிச்சம் என்ற எண்ணம் வேண்டாம், பாக்கிதான் குவியும். இன்னொரு வழக்கில் ஏற்கெனவே கொடுத்துவருவதைச் சொன்னால் கழித்துக்கொள்வார்கள். சொல்ல வேண்டும், சொல்லாமல் யாரும் கழிக்கமாட்டார்கள்.

என்னிடம் வந்த ஒருவர் மாதச் சம்பளம் 18,000 என்று எழுதினார். கார்த் தவணை 14,000. மீதி நாலாயிரத்தில் காருக்கு பெட்ரோலா, இவருக்குச் சாப்பாடா என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டார். நடுவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். இடைக்காலத் தொகை கேட்டதற்கு மிக அருகில் வந்தது. உண்மையான சம்பளத்தையும் அப்பாவின் டயாலிசிஸ் ரசீதுகளையும் வைத்திருந்தால் பாதிக்கு முடிந்திருக்கும். அந்த ரசீதுகள் உண்மையாகவே அவரிடம் இருந்தன.

‘சேர்ந்து வாழக் கோரி மனு போட்டுவிட்டால் ஜீவனாம்சம் நின்றுவிடும்’ என்று டீக்கடையில் சொல்லியிருப்பார்கள். நானும் அந்த மனுக்களை நிறையப் போட்டிருக்கிறேன், பாதிப் பேருக்குச் சேர்ந்து வாழும் எண்ணமே இல்லை என்று தெரிந்தே. சேர்ந்து வாழச் சொல்லும் உத்தரவை மனைவி ஏற்கவில்லை என்பதால் மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. உண்மையாகவே அழைக்க விரும்பினால் போடுங்கள்.

ஆகஸ்ட் 17

வீடு அம்மா பெயரில் இருப்பதால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2007-க்குப் பிறகு பதிமூன்று வருடம் நானும் இதையே கட்சிக்காரர்களிடம் சொன்னேன். அப்போதிருந்த தீர்ப்பு அப்படி. 2020 அக்டோபரில் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். மனைவி குடித்தனம் நடத்திய வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் உரிமையைக் கோரலாம். ஆனால் அது அசைக்க முடியாத உரிமை அல்ல. வயதான பெற்றோரின் நிம்மதியையும் பார்ப்பார்கள். அதே தரத்தில் வேறு வீடு பிடித்து வாடகை கொடுக்க நீங்கள் முன்வந்தால் பெரும்பாலும் வேலை முடியும். அம்மாவை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி இந்தச் சட்டத்தில் உத்தரவு போட முடியாது. அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 19

காலக்கெடு பற்றி ஒரு வரி. ‘ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மனு செல்லாது’ என்பது தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில் 2022-ல் உடைந்த வாதம். அந்த ஒரு வருடக் கணக்கு பிரிவு 12 மனுவுக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஏழு மாதம்தான், தேவையே இல்லை. வேறொருவர் கேட்டார்.

ஆகஸ்ட் 23

முதல் வாய்தா முடிந்தது என்று தகவல். வக்காலத்துத் தாக்கல், எதிருரைக்கு செப்டம்பர் 12. மனு கிடைத்து மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரியை நான் படித்துக்காட்டினால் எங்கள் ஊர் நீதிமன்ற வராந்தாவில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

‘வாய்தா’ என்றால் மூலத்தில் வாக்குறுதி. யார் யாருக்குக் கொடுத்த வாக்குறுதி என்று இன்னும் விளங்கவில்லை.

அன்றே இடைக்கால உத்தரவாக, மனுதாரரைத் தொடர்புகொள்ளவோ அவர் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகவோ கூடாது என்று போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் பாதுகாப்பு உத்தரவுகளைப் பார்ப்பதால் நாங்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை நீங்கள் எதிர்மனுதாரர் மட்டுமே. இந்த உத்தரவை மீறினால் பிரிவு 31: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காது. பாதிக்கப்பட்டவரின் ஒரே சாட்சியம் போதும்.

முன்பு ஒரு கட்சிக்காரர், நல்ல மனிதர், மகன் பிறந்தநாளுக்கு கேக்கோடு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. அன்று இரவு எனக்கு காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. கேக் ஜீப்பிலேயே உருகியது. குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம், பிரிவு 21-ல் வழியிருக்கிறது. உத்தரவு தவறு என்றால் முப்பது நாளில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். தம்பியை அனுப்பிப் பேசுவது, அவர் தோழியிடம் தூது விடுவது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கவிதை போடுவது, இவை எந்தப் பிரிவிலும் இல்லை.

செப்டம்பர் 2

வரைவு எதிருரை வந்தது. பத்தி 1 முதல் 5 வரை நன்றாக இருக்கிறது. நிச்சயதார்த்தச் செலவு, நகைப் பட்டியல், எந்த நகை யாரிடம், எல்லாம் ரசீதோடு. பத்தி 9-ல் வரும் அடி உதைக் குற்றச்சாட்டுக்கு அன்று பெங்களூருவில் பயிற்சியில் இருந்ததற்கு ரயில் டிக்கெட்டும் விடுதி ரசீதும். இந்த ஒரு பத்திக்காகவே இந்த எதிருரையை நம்புவார்கள்.

பத்தி 6 மட்டும்: ‘வன்மையாக மறுக்கப்படுகிறது.’ ஒரே வரி.

மனுவின் பத்தி 6-ஐ எடுத்துப் பார்த்தேன். அவர் சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை கல்யாணமான புதிதிலிருந்து உங்களிடம் இருந்தது, பஸ் காசுக்குக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்கிறார். இது பொய்யா? போன் செய்து கேட்டபோது என்ன சொன்னீர்கள்? “அது வன்முறை இல்லையே சார், வீட்டுக்கடன் கட்டத்தானே எடுத்தேன்.”

பிரிவு 3-ஐ எடுத்துப் படியுங்கள். உடல், பாலியல், சொல் மற்றும் மனம், நான்காவதாகப் பொருளாதாரம். ஒருவருக்கு உரிய பணத்தை அவர் கையாள விடாமல் செய்வது அதில் வருகிறது. ‘கை வைத்ததே இல்லை’ என்று முதல் நாள் எழுதினீர்கள். அட்டையில் வைத்திருக்கிறீர்கள்.

வங்கிக் கணக்குப் பட்டியலை அவர் தாக்கல் செய்வார். எந்த ஏ.டி.எம்.மில் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். உங்கள் அலுவலகத் தெரு ஏ.டி.எம். என்றால் ‘வன்மையான மறுப்பு’ அங்கே முடிந்தது; அதோடு பெங்களூரு டிக்கெட்டின் மேலும் சந்தேகம் விழும். பத்தி 6-ஐ மறுபடி எழுதி உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

செப்டம்பர் 4

ஒருவர், “நீங்கள் அவருக்கு வக்கீலா, அவர் மனைவிக்கு வக்கீலா?” என்கிறார்.

யாருக்கும் இல்லை. அவருக்குச் சொந்தமாக வக்கீல் இருக்கிறார். பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, ஆண்களுக்கு வரம்பு உண்டு, அதற்குள் இருந்தால் இலவசம்.

செப்டம்பர் 8

திருத்திய பத்தி 6 வந்திருக்கிறது. அவர் அனுமதியோடு:

“மனுதாரரின் ஏ.டி.எம். அட்டை 2021 ஜூன் முதல் என்னிடம் இருந்தது உண்மை. எடுத்த தொகை வீட்டுக்கடன் தவணைக்குச் சென்றது. கணக்குப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. மனுதாரர் இரண்டு முறை அட்டையைத் திருப்பிக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. தற்போது அதனை நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறேன். தவணைக்குப் போனது போக மீதித் தொகையைத் திருப்பித் தரச் சம்மதம்.”

‘இரண்டு முறை கேட்டார்’ என்பது மனுவில் இல்லை. நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் வக்கீலும் விட்டுவிட்டார் என்றால் நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் என்பதை மட்டும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் மே 28-ஆம் தேதியே உங்கள் அலுவலகத் தெரு ஏ.டி.எம். இருக்கிறது. மாற்றிவிட்டு அச்செடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அம்மாவின் வாக்குமூலத்துக்குத் தனித் தாள், அக்கா ஓசூரிலிருந்து வர முடியாவிட்டால் அங்கேயே நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். எதிர்த் தரப்புக்கு ஒரு நகல், உங்கள் கோப்புக்கு ஒரு நகல். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு நிற்க இடமிருக்காது.